காப்பிக்கடையில் அமர்ந்த தோட்டத் தமிழர்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாணவரின் மனக்கண் முன் எழுவன முடிமன்னரும் படையெடுப்பும் உடன்படிக்கைகளுமே ஆகும். மலாக்காவின் வீழ்ச்சி 1511, பங்கோர் உடன்படிக்கை 1874, நாட்டின் விடுதலை 1957 என வரிசை தவறாமல் ஒப்புவிப்பர். தேர்வுக்கு அவை வேண்டியவையே, குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அம்மாணவரின் பாட்டனார் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கே அமர்ந்தார், யாரோடு பேசினார், என்ன அருந்தினார் என்று கேட்டால் விடை வராது. அவ்வினாவை எவரும் அவரிடம் கேட்டதுமில்லை.

இந்நாட்டுத் தமிழரின் வாழ்வைப் பற்றி எழுதியோர் தோட்டத்து லயத்தையும் கோயிலையும் கள்ளுக்கடையையும் விரிவாகவே எழுதியுள்ளனர். தோட்டத்துக்கு வெளியே, சிற்றூர்க் கடைத்தெருவில் இருந்த காப்பிக்கடையைப் பற்றி எழுதியோர் மிகக் குறைவு. இது எழுதத் தக்க பொருளா என்று சிலர் நகைக்கவும் கூடும். எனினும் அக்கடையின் நாற்காலியில் நம்மவர் அமர்ந்த கதை, அவர்கள் தம்மை மனிதராக உணர்ந்த கதையின் ஒரு பகுதி என்பது என் கருத்து. அதனை இயன்ற அளவு ஈண்டு எழுத முனைகின்றேன்.

நான் பிறந்து வளர்ந்தது சிலாங்கூர் மாநிலத்துக் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் உள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அங்கிருந்து மூன்று கட்டை தூரத்தில் இரண்டே தெருக்கள் கொண்ட ஒரு சிற்றூர் இருந்தது. ஊர்ப்பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் கடைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். அவர்களுள் சிலர் என் நண்பர்கள். அத்தெருவின் முனையில், அஞ்சடியை ஒட்டி, ஹைனான் சீனர் ஒருவரின் காப்பிக்கடை இருந்தது. பளிங்குக்கல் பதித்த வட்ட மேசைகள், வளைத்த மரத்தாலான நாற்காலிகள், மேசைக்கடியில் எச்சிற்படிக்கம், சுவரில் நாட்காட்டி, இவையே அதன் அணிகலன்கள். இத்தகைய கடை அந்நாளில் மலாயாவில் இல்லாத சிற்றூர் அரிது.

கடையின் முகப்பில் மலாய்மொழியில் 'கெடாய் கோப்பி' என எழுதியிருந்தது. 'கெடாய்' என்பது நம் 'கடை' என்னும் சொல்லே என்பதைத் தமிழாசிரியர் அறிவர். மாணவர் பலர் அறியார். மலாய்மொழியில் முதலீட்டைக் குறிக்கும் 'மோடால்' நம் 'முதல்'. 'பெத்தி' என்பது 'பெட்டி'. 'செருத்து' என்பது 'சுருட்டு'. 'காப்பால்' என்பது 'கப்பல்'. இவை தோட்டத் தொழிலாளரோடு வந்த சொற்களல்ல. அவர்கள் வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே கடல்வழி வந்த வணிகரோடு வந்தவை. ஆகவே கடையின் பெயரிலே தமிழ் இருந்தது. ஆனால் அப்பெயரின் கீழே நடந்து உள்ளே சென்ற தமிழருக்கு அதனைப் படிக்கத் தெரியாது.

கோப்பையினுள் இருந்த பானத்துக்கும் நம்மவருக்கும் உள்ள உறவும் பழையது. மலாயாவில் தமிழர் முதன்முதலில் உழைத்தது ரப்பர்த் தோட்டங்களில் அன்று. செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்களிலும், பிறகு சிலாங்கூர், பேரா முதலிய மாநிலங்களில் காப்பித் தோட்டங்களிலும் அவர்கள் உழைத்தனர். இலங்கையில் 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அங்கிருந்த காப்பித் தோட்டங்களைச் சில ஆண்டுகளில் அழித்தது. அதனால் துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து காப்பி நட்டனர். தாழ்நிலத்து வெப்பத்தைத் தாங்கும் லைபீரியக் காப்பியே இங்கு நன்கு வளர்ந்தது. காடழித்ததும் குழி வெட்டியதும் கன்று நட்டதும் பெரும்பாலும் தமிழ்க் கைகளே. பின்னர் 1890ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் வந்து குவிய, விலை சரிந்தது. துரைமார் காப்பியைக் கைவிட்டு ரப்பருக்கு மாறினர். காஜாங்கில் இஞ்ச் கென்னத் தோட்டத்தின் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் நட்டு வழிகாட்டியதும் அப்பத்தாண்டிலேயே ஆகும். நாம் 'பால்மரத் தோட்டத்து மக்கள்' ஆனதற்கு எங்கோ இருந்த பிரேசிலின் காப்பி ஒரு காரணம். இந்தப் பிரேசில் பிற்பாடு எங்கள் ஊர்க் காப்பிக்கடைக்குள்ளும் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தது; அதனைப் பின்னர்க் கூறுவேன்.

காப்பிக்கடைகளை ஹைனான் சீனர் நடத்த நேர்ந்ததற்கும் காரணம் உண்டு. சீனருள் அவர்கள் காலந்தாழ்ந்து வந்தவர்கள். ஹொக்கியெனரும் கந்தோனியரும் முன்னரே வந்து வணிகத்தையும் ஈயச்சுரங்கத்தையும் கைக்கொண்டுவிட்டனர். எஞ்சியது அடுப்படி வேலை. ஹைனானியர் வெள்ளையர் இல்லங்களில் சமையற்காரராகவும் ஏவலராகவும் அமர்ந்தனர். காப்பியும் ரொட்டியும் அவித்த முட்டையும் ஆயத்தம் செய்யக் கற்றனர். உலகப் பொருளாதார மந்தத்தால் 1930ஆம் ஆண்டுகளில் கடைவீட்டு வாடகை சரிந்தபோது, சேர்த்த சிறுபொருளைக் கொண்டு தனிக்கடை தொடங்கினோர் பலர். காப்பிக்கொட்டையைச் சீனியும் வெண்ணெயும் சேர்த்துக் கரிய நிறம் வரும்வரை வறுத்தெடுப்பர். காலுறை போன்ற நீண்ட துணிப்பையில் தூளை இட்டுக் கொதிநீர் ஊற்றி வடிப்பர். துரைவீட்டில் கற்ற கைப்பழக்கம், துரைவீட்டு வாசற்படியையும் மிதிக்க இயலாத தொழிலாளிக்கு அஞ்சடிக் கடையில் சில காசுக்குக் கிடைத்தது.

இனி அக்கடைக்கு வந்த நம்மவரைப் பற்றிக் கூறவேண்டும்.

என் தாத்தா 1926இல், பன்னிரண்டு வயதில், கங்காணி ஒருவரோடு கப்பலேறி வந்தவர். சஞ்சிக்கூலி முறை 1910இல் நீக்கப்பட்டிருந்தது; கங்காணி முறை நடந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் அவருடைய நாள் விடியுமுன் பெரட்டில் தொடங்கும். பெயர் கூப்பிட்டால் 'ஆஜர்' என்பார். துரை வந்தால் ஒதுங்கி நிற்பார். கிராணி வந்தால் தலைத்துண்டை எடுப்பார். சாமான் வாங்குவதோ தோட்டத்துக் கடையில். விலையைக் கேட்பதில்லை, கணக்கில் எழுதிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இப்படி வாழ்ந்த ஒருவரிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று யார் கேட்பார்? காப்பிக்கடைக்காரர் கேட்டார். அன்பினால் கேட்டார் என்று நான் கூறவில்லை; காசுக்காகக் கேட்டார். ஆனால் கேட்டார். பாலோடா, பால் இல்லாமலா, சீனி வேண்டுமா வேண்டாவா என்று கேட்டார். தாத்தா விடை சொல்லவேண்டியிருந்தது. "கோப்பி ஓ" என்றால் பாலில்லாத கறுப்புக் காப்பி. ஓ என்பது ஹொக்கியென் மொழியில் கறுப்பு. "கோசோங்" என்றால் சீனியும் இல்லை, அது மலாய். "பெங்" என்றால் பனிக்கட்டி. எழுதப் படிக்க அறியாத அவர் இவ்வேற்றுமொழிச் சொற்களையும் சேர்த்துப் பிழையின்றி ஆணையிடுவார். ஆணையிடுவது என்ற சொல்லை எண்ணிப் பார்த்தே இங்கு எழுதுகின்றேன்.

ஆசிரியர்கள் 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றி அறிவர். அவ்வாண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவர்களை ஒருங்கிணைத்த ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். கோரிக்கைகளுள் கூலி உயர்வும், கள்ளுக்கடைகளை மூடுவதும் இருந்தன. அவற்றோடு, துரையைக் கண்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. கூலி குறைவு என்பதற்காகப் போராடியதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதற்காகவும் உயிரைப் பணயம் வைத்தார்களே, அந்த நிமிர்வு எங்கே பிறந்தது? காப்பிக்கடையில் பிறந்தது என்று சொன்னால் மிகையாகும். தொழிற்சங்க உணர்வும், இந்திய விடுதலை இயக்கமும், சீர்திருத்தக் கருத்துகளும் அதற்கு வித்திட்டன. எனினும் வாரம் ஒருமுறை நாற்காலியில் சாய்ந்தமர்ந்து, "தவுக்கே, கோப்பி ஓ" என்று உரக்கக் கூவிப் பழகியவருக்குத் திங்கட்கிழமை சாலையோரத்தில் இறங்கி நிற்பது முன்னைவிடக் கசந்திருக்கும் என்றே நான் எண்ணுகின்றேன்.

தாத்தா தமிழர் கடைக்குச் செல்லாமல் ஏன் எப்போதும் ஹைனானியர் கடைக்கே சென்றார் என்ற வினா சிறுவயதில் எனக்கு எழுந்ததுண்டு. அதே தெருவில் தமிழர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையும் இருந்தது. தோசையின் மணம் அஞ்சடி முழுவதும் கமழும். அக்கடை வாயிலை நெருங்கும்போதெல்லாம் தாத்தா சாலையின் மறுபக்கம் கடந்துவிடுவார். நான் தோசை வேண்டும் என்று அழுதால், காசைக் கையில் தந்து என்னை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நிற்பார்.

காரணத்தை என் தந்தையார் பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்குக் கூறினார். தாத்தா இளைஞராக இருந்த 1930ஆம் ஆண்டுகளில், வேறோர் ஊரில் ஒரு தமிழர் கடையில் அவருக்குத் தேநீர் கேட்டதும் கடையின் பின்புறத்துக்கு வரச் சொன்னார்களாம். அங்கே சுவரில் ஆணியடித்துத் தனிக் குவளைகள் மாட்டியிருந்தனவாம். குடித்த பின் அவரே கழுவி மாட்டவேண்டுமாம். அவர் குடிக்காமல் திரும்பினார். ஊர் மாறியும், காலம் மாறியும், எவரும் அப்படிச் சொல்லத் துணியாத நாள் வந்த பின்னரும், தமிழர் கடைக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை. "சீனன் கடையில ஒரே கோப்பைடா, எனக்கும் அதுதான், கிராணிக்கும் அதுதான்" என்று அவர் சொன்னதாகத் தந்தையார் கூறினார்.

இதனை எழுதலாமா என்று சில நாள் தயங்கினேன். நம் குறையை நாமே அச்சேற்றுவதா என்று கேட்போர் இருப்பர். ஆனால் கடல் கடந்தால் சாதி தானே கரைந்துவிட்டது என்று நம் மாணவர் நம்புவது உண்மைக்கு மாறானது. அது தானே கரையவில்லை. பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து பல ஊர்களில் பேசியதும், சிங்கப்பூரில் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதும், கோ. சாரங்கபாணி 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கி இடைவிடாது எழுதியதும் வேண்டியிருந்தன. ஹைனானியர் சமத்துவம் பேசியவரல்லர். அவருக்குத் தமிழரின் சாதிகள் விளங்கவும் விளங்கா. விளங்காமையும் சிலவேளை நன்மை பயக்கும்போலும். அவருக்கு என் தாத்தாவும் 'தம்பி', தோட்டத்துக் கிராணியாரும் 'தம்பி'. பிற்காலத்தில் பத்து வயது நிரம்பாத நானும் 'தம்பி'. கிராணியாருக்கு அது மனத்தாங்கலாக இருந்தது என்று கேள்வி.

ஜப்பானியர் ஆட்சியைப் பற்றி விரித்துரைக்கப் புகுந்தால் அது வேறு கட்டுரையாகிவிடும். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் வீழ்ந்த பின் அரிசி, சீனி, பால் யாவும் அரிதாயின. வாழைமரம் பொறித்த ஜப்பானியப் பணத்தாளுக்கு நாள்தோறும் மதிப்புக் குறைந்தது. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கப்பட்டபோது கூட்டம் கூடும் இடங்களே அச்சம் தரும் இடங்களாயின. தாத்தா மூன்றாண்டுக் காலம் கடைத்தெருப் பக்கமே செல்லவில்லை. அவரோடு ஒரே மேசையில் அமர்ந்த இருவர் சயாமுக்குச் சென்றனர், திரும்பவில்லை. அம்மேசையில் அவர்கள் அமர்ந்த இடத்தைத் தாத்தா எனக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறார். பெயர்களையும் சொன்னார். ஊரையோ தந்தை பெயரையோ கேட்டு எழுதிவைக்கும் அறிவு எனக்கு அன்று இல்லை.

அவசரகாலம் 1948 ஜூன் மாதத்தில் தொடங்கியது. 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு சென்று சேராதிருக்க அரசு பல கட்டுப்பாடுகளை விதித்தது. ஊரடங்கு நேரம், அரிசிப் பங்கீடு, தோட்ட வாயிலில் உடற்சோதனை என அவை பலவகை. பால்வெட்டச் செல்வோர் சோற்றுப் பொட்டலம் எடுத்துச் செல்லவும் பல இடங்களில் தடையிருந்தது. கடையில் விற்கும் தகர டின்னைக் கடைக்காரர் துளையிட்டே தரவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. துளையிட்ட உணவு காட்டுக்குப் போய்ச் சேருமுன் கெட்டுவிடும் அன்றோ! காப்பிக்கடைக்காரருக்கு இதனால் இடர் குறைவு. அவர் கெட்டிப்பால் டின்னை எப்படியும் துளையிடத்தான் வேண்டும். பால் தீர்ந்த டின்னும் வீணாவதில்லை. அதன் மூடியில் கயிறு கோத்து, காப்பி ஊற்றி, வீட்டுக்குக் கொண்டுசெல்லத் தருவார். கட்டுப்பாடுகள் நீங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த டின் காப்பி எங்கள் லயத்துக்கு வந்துகொண்டிருந்தது.

என் நினைவில் நேரே நிற்பது 1970ஆம் ஆண்டுகளின் காப்பிக்கடை. ஞாயிற்றுக்கிழமைக் காலை தாத்தாவின் சைக்கிளில் முன்கம்பியில் அமர்ந்து செல்வேன். பசியாறுவதற்கு எனக்கு ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும், அவருக்குக் காப்பி. கோப்பையிலிருந்து சிறிது சிறிதாகத் தட்டில் ஊற்றி, ஊதி, உறிஞ்சிக் குடிப்பார். மேசையைச் சுற்றி ஐந்தாறு முதியவர் இருப்பர். அவருள் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. ஆனால் பன்னிரண்டு வயதில் வேலைக்கு வந்தவருக்குப் பள்ளியால் என்ன பயன்? ஆகவே தாத்தா 'தமிழ் நேசன்' ஞாயிறு பதிப்பை வாங்கி என் முன்னே விரித்து வைப்பார். நான் படிக்கவேண்டும், அவர்கள் கேட்பார்கள். எனக்கு முன்னே வேறு சிறுவர், அவர்களுக்கு முன்னே படிக்கத் தெரிந்த ஒரு தண்டல், இப்படி அந்த மேசையில் வாசிப்போர் வழிவழியாக வந்திருக்கின்றனர்.

உலகக் காப்பி விலை 1977இல் உச்சத்துக்கு ஏறியது. பிரேசிலில் 1975 ஜூலையில் விழுந்த கடும் உறைபனியில் கோடிக்கணக்கான காப்பிச்செடிகள் கருகியதே காரணம். எங்கள் கடையில் கோப்பைக்குப் பத்துக் காசு கூடியது. பெரியவர்கள் தவுக்கேயிடம் சண்டைக்குப் போனார்கள். அவர் பத்திரிகையைப் பார்க்கச் சொல்லிக் கைகாட்டினார். நான் தேடிப் படித்தேன். 'காப்பி விளைச்சல்' என்ற சொல்லை 'காப்பி விலைச்சல்' என்று படித்துவிட்டேன். உடனே ஒரு முதியவர், எழுத்தே அறியாதவர், என்னைத் தடுத்தார். "விலைச்சல் இல்ல தம்பி, விளைச்சல். நாக்கை மடிச்சுச் சொல்லு. வயல்ல இருக்கிறது விளைச்சல், கடையில இருக்கிறது விலை" என்றார். நான் மீண்டும் சொன்னேன். மூன்று முறை சொல்லவைத்த பின்னரே மேலே படிக்க விட்டார். லகர ளகர வேறுபாட்டைக் கற்பிக்கும் முறைகளைப் பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குறிப்பேடு நிறைய எழுதினேன். அவற்றுள் ஒன்றும் அம்முதியவரின் வழியைக் காட்டிலும் சிறந்ததென எனக்குப் படவில்லை.

பனி பட்டு மரம் சாகுமா என்பதில் அவர்களுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. ஊரில் மார்கழிப் பனியில் பயிர் தழைத்ததைக் கண்டவர்கள் அவர்கள். தவுக்கே பொய் சொல்கிறார், பத்திரிகையும் அவருக்கு உடந்தை என்று தீர்மானித்தார்கள். ஆயினும் அடுத்த ஞாயிறும் வந்து பத்துக் காசு கூடுதலாகக் கொடுத்தே குடித்தார்கள்.

பத்திரிகையின் செல்வாக்கை விற்பனை எண்ணிக்கையால் அளப்போர் இந்த மேசைகளைக் கணக்கில் கொள்வதில்லை. ஒரு படி விற்றால் ஓர் ஆள் படித்ததாக எழுதுவர். எங்கள் மேசையில் ஒரு படிக்கு ஆறு பேர். அடுத்த மேசையில் செவிசாய்த்தோர் வேறு. 'தமிழ் நேசன்' 1950இல் சுப. நாராயணனையும் பைரோஜி நாராயணனையும் கொண்டு கதை வகுப்பு நடத்தியதையும், அதிலிருந்து இந்நாட்டு எழுத்தாளர் பலர் உருவானதையும் நம் இலக்கிய வரலாறு போற்றுகின்றது. அக்கதைகளைக் காதால் கேட்டவர்களைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. ஒரு கதையில் வரும் கங்காணி எங்கள் தோட்டத்துக் கங்காணியேதான் என்று அந்த மேசையில் எழுந்த வாதம் இரண்டு ஞாயிறு நீடித்தது. எழுதியவர் அதனை அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அம்மேசை எப்போதும் மகிழ்ச்சியின் இடமாக இருந்ததென்று எண்ணிவிடலாகாது. நான் கைக்குழந்தையாக இருந்த 1969இல், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் திகைத்து நின்றனர். அக்காலத்தில் காப்பிக்கடையின் வாயிலருகே மனு எழுதுபவர் ஒருவர் மேசை போட்டு அமர்ந்திருந்ததைத் தந்தையார் கூறுவார். பிறந்த நாள் என்ன, எந்தக் கப்பலில் வந்தாய், சான்று உண்டா என்று அவர் கேட்க, கோப்பையைப் பிடித்தபடி முதியவர் விழிப்பாராம். பொங்கலுக்கு முன்னா பின்னா என்பதே அவர்கள் அறிந்த பிறந்த நாள்.

அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் பலர் தமிழகத்துக்கே திரும்பினர். தவுக்கே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 555 என்ற எண் பொறித்த சிறு கணக்குப் புத்தகம் ஒன்று வைத்திருப்பார்; கடன் அதில் ஏறும், சம்பள நாளில் இறங்கும். 'ரஜூலா' கப்பலுக்குச் சீட்டு எடுத்தவர்கள் புறப்படுமுன் வந்து கணக்குத் தீர்த்தனர். ஒருவர் மட்டும் வரவில்லையாம். ஏழெட்டு மாதம் கழித்துத் தஞ்சை மாவட்டத்திலிருந்து தாத்தாவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. தாம் விட்டுச் சென்ற சைக்கிளை விற்றுக் காப்பிக் கடனை அடைத்துவிடும்படி அதில் எழுதியிருந்தது. தாத்தா அவ்வாறே செய்து மிச்சப் பணத்தை அனுப்பினார். அவருக்கே அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டது. ஆனால் அட்டையின் நிறம் மாறவில்லை. 1984இல் அவர் மறைந்தபோதும் சட்டைப் பையில் இருந்தது சிவப்பு அட்டையே.

அச்சிற்றூரில் இன்று அந்தக் கடை இல்லை. தவுக்கேயின் மக்கள் கல்வி கற்று வேறு தொழிலுக்குச் சென்றனர். கடைவீட்டில் இப்போது கைப்பேசி விற்கின்றனர். தோட்டம் முதலில் செம்பனைக்கு மாறியது. பின்னர் ஒரு பகுதி வீடமைப்புப் பகுதியாயிற்று. 'தமிழ் நேசன்' தன் 95ஆம் ஆண்டில், 2019 தொடக்கத்தில், நின்றுவிட்டது. பேரங்காடிகளில் பளிங்கு மேசையும் வளைத்த நாற்காலியுமாகப் பழைய தோற்றத்தில் புதிய காப்பிக்கடைகள் தோன்றியுள்ளன. காப்பி நன்றாகவே உள்ளது. எச்சிற்படிக்கம் மட்டும் இல்லை. அதற்காக நான் வருந்தவில்லை.

கடந்த ஆண்டு எங்கள் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவரிடம், வீட்டிலுள்ள முதியவரைக் கண்டு அவர்கள் இளமையில் சென்ற கடையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரப் பணித்தேன். இக்கட்டுரைக்கான செய்தி கிடைக்கும் என்ற தன்னலமும் அதில் இருந்தது. பெரும்பாலோர் நான் எதிர்பார்த்தவற்றையே எழுதியிருந்தனர். ஒரு மாணவியின் ஏட்டில் நான்கே வரிகள் இருந்தன. அவள் பாட்டி காப்பிக்கடைக்குள் போனதே இல்லையாம். பெண்கள் உள்ளே உட்கார்ந்தால் பேச்சு வருமாம். பாட்டனார் உள்ளே குடித்து வரும்வரை அஞ்சடியில் நின்று, பால் டின்னில் வாங்கிக் குடிப்பாராம். டின்னின் விளிம்பு உதட்டை அறுக்குமாம்.

என் பாட்டியும் எங்களோடு கடைத்தெருவுக்கு வந்ததுண்டு. சைக்கிளில் இடமில்லாததால் மூன்று கட்டையும் நடந்து வருவார். நாங்கள் வெளியே வரும்போது அஞ்சடித் தூணருகே நின்றிருப்பார். அவர் கையில் இருந்தது என்ன என்று நினைவுபடுத்திப் பார்க்கின்றேன். 'ஒரே கோப்பை' என்று தாத்தா சொன்னதை எழுதிய பகுதியை அம்மாணவியின் ஏட்டைப் படித்த பின் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதனை நான் மாற்றவில்லை. இவ்வரிகளை மட்டும் சேர்த்துள்ளேன்.